மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்றவர்

காலஞ்சென்ற என் அக்காளைப் பற்றி எழுத உட்காரும்போது, நான் சொல்லப் போகும் நிகழ்ச்சிகளுக்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் தெரிவித்துவிடுவது முறை என்று கருதுகிறேன். தற்பெருமைக்காக அன்று. பின்னால் வருவதை வாசிப்பவர்கள் சரியாக எடை போட வேண்டும் என்பதற்காக.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் கிறிஸ்தவ சபைகளில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக அமர்ந்திருந்தேன். ரெவினியூ இலாகாவின் கதவு அக்காலத்தில் வேதக்காரர்களாகிய எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. திறந்திருந்த கதவுகளுள் கோர்ட்டே உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. சபைக்குக் காரியதரிசியும் நானே. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நான் கோயிலுக்குள் நுழைந்தால் ஆண்கள் பக்கத்து முன் பெஞ்சில் இடம் தானாக ஒதுங்கும். எங்கள் கோர்ட்டில் மலையாளமும் தமிழும் நடந்தன. தமிழ் வாக்குமூலங்களை எழுதுவது என் பொறுப்பு. சாட்சி எவ்வளவு குழறிப் பேசினாலும் அதை ஒழுங்கான வாக்கியமாக்கிவிடுவேன் என்று எனக்குப் பெயர் இருந்தது. இருபத்தாறு வயதில் இவ்வளவும் என்னிடம் இருந்தது. இவ்வளவும் யாரால் வந்தது என்று நான் அன்று யோசித்ததில்லை.

அக்காள் பிறந்தது செங்கல் என்ற ஊருக்குத் தெற்கே எங்கள் பழைய வீட்டில். எங்கள் அப்பா பனையேறினார். இதை அக்காளின் நினைவு மலரில் எழுத வேண்டுமா என்று என் மக்கள் கேட்டார்கள். எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது என்றேன். பிள்ளைகள் ஐவர் பிறந்து, மூத்தவரும் இளையவனும் மட்டுமே தங்கினோம். மூத்தவர் அக்காள், இளையவன் நான். அக்காள் மிஷன் பெண்பள்ளியில் நாலாம் வகுப்பு தேறி, போர்டிங்கில் சேரப் பெயரும் பதிந்திருந்த சமயத்தில் அம்மா காலமானார். அக்காளுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு மூன்று. போர்டிங்குக்கென்று தைத்த இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் அக்காள் பிரித்து எனக்கு நான்கு சட்டைகள் தைத்தார். அப்பா இறக்கிக் கொண்டுவந்த அக்கானிப் பதநீரைக் காய்ச்சியபடியே, அடுப்புச் சாம்பலை நிலத்தில் பரப்பி எனக்கு எழுத்துப் பழக்கினார். போர்டிங்குக்குப் போக முடியாத வருத்தம் உண்டா என்று நான் கல்லூரிக்குப் போன பின் ஒரு தடவை கேட்டேன்.

"அங்க கஞ்சியில உப்பே போட மாட்டாவளாம். நான் தப்பிச்சேன் ஆக்கும்" என்றார்.

இருபது வயதில் அக்காளுக்குத் திருமணம் நடந்தது. அத்தான் உபதேசியார் வேலையில் அம்பூரி மலையடிவாரத்துக்கு அனுப்பப்பட்டார். இரண்டாம் மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் இல்லை. அக்காள் ஒரு பாயும் ஒரு வேதப்புத்தகமும் ஒரு முறமுமாகப் பழைய வீட்டுக்குத் திரும்பினார்.

அந்த முறமே பிறகு அவருடைய பள்ளிக்கூடமாயிற்று. மிஷன் அவரை, வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் ஊழியத்தில் அமர்த்தியது. ஊரார் "வேதக்காரி அக்கா" என்று அழைத்தார்கள். போகிற வீட்டின் பின்புறத்தில், மாட்டுத்தொழுவத்தை ஒட்டி அமர்ந்து, முறத்தில் மணலைப் பரப்பி, அந்த வீட்டுப் பெண்களின் விரலைப் பிடித்து எழுத வைப்பார். எங்கள் சபையாரிலேயே சிலர், "வேதம் சொல்லும், போதும். பெண்ணுவளுக்கு எழுத்து என்னத்துக்கு?" என்றார்கள். சைவ வேளாளர் வீடுகளில் இதற்கு நேர்மாறாக, "எழுத்து சொல்லிக் குடும், வேதம் வேண்டாம்" என்றார்கள். அக்காள் இரு தரப்பாருக்கும் சரி என்றே தலையாட்டுவார். "எழுத்தை நான் குடுக்கேன். மற்றதை ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டுப் பெண்கள் எவரையும் மதம் மாறச் சொல்லி அவர் கேட்டதில்லை. எவரும் மாறவும் இல்லை. ஆனால் அயலூரில் வேலை பார்த்த தங்கள் மக்களுக்கு அவர்கள் தங்கள் கையாலேயே கடிதம் எழுதினார்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயிலில் ஆர்மோனியம் வருவதற்கு முந்திய அக்காலத்தில், பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அக்காள். எங்கள் உபதேசியார் நல்லவர்; ஆனால் பாட்டின் எண்ணைச் சொல்ல மறந்துவிடுவார். ஆகவே பெண்கள் பக்கத்தில் அக்காள் பாயை விட்டு எழுந்தால், அது பாட்டுக்கான அடையாளம். சபை முழுவதும் அவரோடு எழுந்துவிடும். பல ஆண்டுப் பழக்கம் அது.

அப்பா காலமான பின் எனக்குப் பெண் பேசி முடிவாயிற்று. பெண்ணின் தகப்பனார் பாறசாலைப் பக்கத்தில் தோப்பும் வயலும் உள்ளவர், அயல் சபையின் மூப்பர், செல்வாக்கான மனிதர். ஒரே மகள். அக்காளிடம் எழுத்துப் படித்தவள்தான் அவளும். அக்காள் அந்தச் சம்பந்தத்தில் மகிழ்ந்தார் என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். கல்யாண விருந்துக்கென்று கோழிகளைக்கூட வளர்க்கத் தொடங்கியிருந்தார்.

எங்கள் வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரு சபைகளிலும் ஓலை வாசிக்கப்படும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்ல எவருக்கேனும் காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று உபதேசியார் வாசித்து, ஏடு புரட்டும் நேரம் நிறுத்துவார். எவரும் எதுவும் சொன்னதாக எங்கள் சபையின் நினைவில் இல்லை. அந்த இடைவெளி இருமுவதற்கும், பிள்ளைகளை அதட்டுவதற்கும் உதவியது.

இரண்டு ஓலைகள் வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை மாலை, நான் நெய்யாற்றின்கரையிலிருந்து வீடு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அக்காள் என் எதிரே வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பெண்ணுக்கு மனசில்ல ஆக்கும்."

"யார் சொன்னது?"

"அவளே சொன்னா. உன்மேல வெறுப்பு ஒண்ணும் இல்ல. அவளுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில போய் நர்ஸ் வேலை படிக்கணும். அப்பனுக்கிட்ட மூணு தடவ சொல்லியாச்சு. இப்ப அவளை வெளிய விடுறது இல்ல. சோறும் சரியா தின்னுறது இல்ல."

"மணவறையில் சம்மதமா என்று கேட்பார்களே, அங்கே சொல்லட்டும்."

"அதைத்தான் நினைச்சு அழுறா. 'அத்தன பேருக்கு முன்ன பயத்தில சம்மதம்ணு சொல்லிப்போடுவேன் அக்கா, அது கர்த்தருக்கு முன்ன பொய்ச் சத்தியம் இல்லியா'ண்ணு கேக்கா. நீயே வேண்டாம்ணு சொல்லிரு மக்கா. ஆம்பிள சொன்னா ஊரு ரெண்டு நாளு பேசும், விட்டுப்போடும்."

பெண்ணின் சம்மதத்தைத் தகப்பனார் தெரிவித்திருக்கிறார், அது எனக்குப் போதும் என்றேன். அக்காள் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எலே, உனக்க கோர்ட்டில ஒருத்தருக்க சாட்சியை வேற ஒருத்தரு வந்து சொன்னா நீ எழுதி எடுப்பியா?"

இந்த விஷயத்தில் மேற்கொண்டு தலையிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். என் தமக்கையாரிடம் நான் கட்டளையிட்டுப் பேசிய முதல் தடவை அது. அவர் வெந்நீர் எடுத்துவைக்க உள்ளே போனார்.

மறுநாள் பெண்ணின் தகப்பனார், மூன்றாம் ஓலையைக் கேட்பதற்கென்றே எங்கள் கோயிலுக்கு வந்து முன் பெஞ்சில் என் அருகே அமர்ந்திருந்தார். வழக்கப்படி பெண் வரவில்லை. உபதேசியார் வாசித்து முடித்து நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் அக்காள் எழுந்தார்.

சபை முழுவதும் எழுந்தது.

பாட்டு என்றே நினைத்தார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். ஆண்கள் பாட்டுப்புத்தகத்தைத் தேடினார்கள். காது மந்தமான பெரியவர் ஒருவர், பழக்கத்தினால், ஒரு பாட்டைத் தொடங்கியும் விட்டார். பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்திய பிறகுதான் அக்காளின் குரல் கேட்டது.

"தடை உண்டு."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "அம்மா, பாட்டு இல்லியா?" என்று கேட்டார்.

"பாட்டு இல்ல. ஓலைக்குத் தடை உண்டு. பெண்ணுக்குச் சம்மதம் இல்ல. எனக்கிட்ட அவ வாயால சொன்னா. உபதேசியாரு போய் அவகிட்டயே கேக்கணும். அப்பன் இல்லாத இடத்தில வச்சுக் கேக்கணும்."

பெண்ணின் தகப்பனார் பெஞ்சிலிருந்தபடியே திரும்பிக் குரல் கொடுத்தார். "பெண்ணுக்கச் சம்மதம் நான் தந்தாச்சு. தாலியறுத்தவளுக்கு வேதக்கோயிலில என்ன சத்தம்? உபதேசியாரே, பெண்ணு சபையில பேசப்பிடாதுண்ணு எழுதியிருக்கியது உமக்குத் தெரியாதா?"

அக்காள் குரலை உயர்த்தவில்லை. "ஆருக்காவது தடை உண்டாண்ணு உபதேசியாரு கேட்டாரு. ஆம்பிளைகளுக்காவது உண்டாண்ணு கேக்கல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பாட்டில்லாமல் முடிந்தது. உபதேசியார் தெரிவித்ததன்பேரில், எங்கள் சபைகளுக்குப் பொறுப்பான போதகர் அவ்வாரத்திலேயே தம் மனைவியாரையும் அழைத்துக்கொண்டு பாறசாலைக்குச் சென்று, பெண்ணைத் தனியே கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். ஓலை திருப்பப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வட்டாரத்தில் ஓலை திரும்பியதாக நான் அறியேன்.

அதற்கு அக்காள் கொடுத்த விலை சிறிதன்று. "கல்யாணம் முடக்கி" என்று பெயர் வைத்தார்கள். தம்பிக்கு நல்ல வாழ்வு வந்தால் தன் பிடி விட்டுப்போகும் என்று பயந்து செய்தாள் என்று பேசினார்கள். கோயிலில் அவருடைய பாயை ஒட்டி மற்றவர்கள் பாய் விரிக்கவில்லை. எங்கள் சபை வீடுகளில் பாதி அவருக்குக் கதவைச் சாத்தின. சைவ வீடுகள் சாத்தவில்லை. முறம் தொடர்ந்து நடந்தது. பாட்டு எடுத்துக் கொடுக்க வேறொருவரை ஏற்படுத்தினார்கள்; அவர் எழுந்தால் சபை எழவில்லை என்பதால் மூன்று மாதத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

நான் அக்காளோடு பேச்சை நிறுத்தினேன். பதினொரு மாதங்கள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்தேன். அவர் வைத்த சோற்றை உண்டேன். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்துவைத்த கோட்டை அணிந்தேன். ஒரு சொல் பேசவில்லை. அக்காளும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் வீட்டில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னார்.

"எலே ஆடே, இன்னைக்கு நெத்திலி உண்டுண்ணு குமாஸ்தாவுக்கிட்ட சொல்லு."

"எலே ஆடே, குமாஸ்தாவுக்குத் தடுமம் பிடிச்சிருக்கு. சுக்குத்தண்ணி அடுப்பில இருக்கியது அவருக்குத் தெரியுமாண்ணு கேளு."

நான் சுக்குத்தண்ணீரை எடுத்துக் குடிப்பேன். ஆட்டுக்கும் பதில் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு நாள் எங்கள் கோர்ட்டில் ஒரு பாகவழக்கு நடந்தது. செங்கல் பக்கத்துச் சைவ வேளாளர் குடும்பம். சாட்சி ஒரு விதவை அம்மையார். சகோதரர்கள் நிலத்தைப் பிரித்தபோது அவர் அங்கே இருந்தாரா, என்ன சொன்னார் என்பது கேள்வி. அவர் தணிந்த குரலில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடிந்ததும், கைநாட்டு வைப்பதற்காக மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

"வாசிச்சுப் பாத்துட்டு ஒப்பு போடுறேன்" என்றார் அம்மையார்.

வக்கீல்களில் ஒருவர் சிரித்தார். முன்சீப் கையமர்த்தி, காகிதத்தைக் கொடுக்கச் சொன்னார். அம்மையார் விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, உதடசைத்து வாசித்தார். கோர்ட்டு முழுவதும் காத்திருந்தது. பாதி வழியில் விரல் நின்றது.

"இதில நான் சம்மதிச்சேன்னு எழுதியிருக்கு."

"நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள்?" என்றேன்.

"நான் சும்மா இருந்தேன்னு சொன்னேன். சும்மா இருக்கியதும் சம்மதிக்கியதும் ஒண்ணா?"

முன்சீப் என்னைப் பார்த்தார். "குமாஸ்தா, திருத்தி எழுதும்" என்றார். பிறகு அந்த அம்மையாரிடம், வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டார்.

"ஒரு வேதக்காரி அக்கா. முறத்தில மணலு பரத்திச் சொல்லித் தந்தாவ."

அது என் தமக்கையார் என்று நான் அங்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திருத்தி எழுதினேன். குழறிய பேச்சை ஒழுங்கான வாக்கியமாக்கும் என் திறமையால் எத்தனை பேர் சும்மா இருந்ததைச் சம்மதமாக்கியிருக்கிறேன் என்ற எண்ணம், அந்தச் சனிக்கிழமை வீடு வந்து சேரும்வரை என்னை விடவில்லை.

அக்காள் முற்றத்தில் ஆட்டுக்குக் குழை வைத்துக்கொண்டிருந்தார். "எலே ஆடே, குமாஸ்தாவுக்கு வெந்நி வச்சாச்சு" என்றார்.

"ஆட்டுக்கிட்ட சொல்லாண்டாம் அக்கா. எனக்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. குழையை ஒவ்வொன்றாக ஆட்டின் வாயில் கொடுத்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "வெந்நி ஆறுது" என்று மட்டும் சொன்னார். சோறு உண்ணும்போது கோர்ட்டில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆரு, செங்கலுக்க அந்த அம்மையா? எலே, அவளுக்கு 'ஞ' போட ஆறு மாசம் ஆச்சு. முறத்தைத் தூக்கி மாட்டுக்கு முன்ன எறிஞ்சிருக்கா ஆக்கும்!"

அதன்பின் எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததில்லை. எனக்குத் திருமணம் நடந்தது. அதற்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகளிலும், அந்த இடைவெளியில் சபை மூச்சை அடக்கிக்கொண்டு அக்காளையே பார்த்தது. மூன்றாம் தடவை அவர் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டார். என் மனைவியார் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அக்காளின் பேச்சைத் தட்டியதில்லை. என் பேச்சைப் பலமுறை தட்டியிருக்கிறார். என் மக்கள் மூவரும் அதே முறத்தில் எழுத்துப் பழகினார்கள். சாத்திய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இப்போது எங்கள் சபையில் ஓலை வாசிக்கும் முன், போதகரின் மனைவியார் பெண்ணைத் தனியே கண்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் எப்போது தொடங்கிற்று என்று கேட்பவர்கள் குறைந்துவருகிறார்கள். ஆகையால் எழுதிவைக்கிறேன்.

சென்ற ஆண்டு மழை தொடங்கும்போது அக்காளுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு முட்டியது. மூன்று வாரம் படுக்கை. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூத்த நர்ஸ் அம்மாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாமாகவே வந்து, அந்த மூன்று வாரமும் அக்காளின் கட்டிலை விட்டு அகலாமல் பார்த்துக்கொண்டார். ஒரு காலத்தில் என் பெயரோடு ஓலையில் வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது. அக்காள் ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை இந்த வீட்டுக்கு வரவிடாம மறிச்சேன். பாரு, வந்துட்டியே" என்றார். நர்ஸ் அம்மாளும் நானும் என் மனைவியாரும் சிரித்தோம். என் மனைவியார்தான் அதிகம் சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நர்ஸ் அம்மாளுக்கு எங்கள் குடும்பம் செலுத்தும் நன்றியைச் சொல்லில் அடக்க எனக்குத் தெரியவில்லை. அடக்கத்துக்கு வந்து, பெட்டியின் முன்பக்கத்தைத் தம் தோளில் ஏற்ற அவருடைய வயது முதிர்ந்த தகப்பனாருக்கும் நன்றி. ஆராதனை நடத்திய போதகருக்கும், பந்தலிட்ட சபை வாலிபருக்கும், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜெபமாலையோடு வந்து நின்ற கடற்கரைப் பெண்களுக்கும் நன்றி. செங்கல் விலக்கில், கல்லறைத் தோட்டத்துக்குள் வர இயலாமல் மழையில் சாலையோரமாகவே நின்ற சைவ வீட்டு அம்மையார்களுக்கு வணக்கம். அவர்களுள் ஒருவர் பெட்டியின் மேல் வைக்கச் சொல்லி ஒரு சிறு காகிதம் கொடுத்தார். அதில் எழுதியிருந்தது அக்காளின் பெயர் மட்டுமே. எழுத்து நேராக இருந்தது.

முடிவாக ஒரு திருத்தம். அடக்க ஆராதனையின் பிரசங்கத்திலும், இம்மலரின் வேறொரு கட்டுரையிலும், அந்த மூன்றாம் ஓலை ஞாயிறன்று சபை முழுவதும் ஒருமனமாக அக்காளுக்குத் துணையாக எழுந்து நின்றது என்றும், மணமகனாகிய நானே முதலில் எழுந்தேன் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளாக அப்படிச் சொல்லி வருகிறார்கள். நான் சும்மா இருந்தேன். அது சரியன்று. சபை எழுந்தது பாட்டுக்காக. நானும் பாட்டு என்று நினைத்தே எழுந்தேன். அக்காள் "தடை உண்டு" என்று சொன்னவுடன் முதலில் உட்கார்ந்தவன் நான். என்னைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அக்காள் தனியாகத்தான் நின்றார்.